குண்டூசி வைத்தியர்

இவருக்கு என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பட்டு சொசைட்டியில் கணக்கு எழுதினார் என்பார்கள். ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தார் என்பார்கள். கேபிள் டிவிக்காரருக்காக வசூலுக்குப் போனவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் எந்த வீட்டு ரௌட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டினாலும் இவர் வாசலுக்கு வந்துவிடுவார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கு இவர் ‘நெட் அண்ணன்’. சின்ன காஞ்சிபுரம் சந்நிதித் தெருவில் ‘நெட் மாமா’. காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் ‘சார்’. தோளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் டெஸ்டர், கட்டிங் பிளேயர், கிரிம்பிங் டூல், யார் வீட்டிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாத நாலைந்து அடாப்டர்கள். சட்டைப் பையின் உள்மடிப்பில் ஒரு குண்டூசி. அதைப் பற்றிப் பிறகு.

வந்ததும் ரௌட்டரைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார், ஒயர் வந்த வழியைப் பார்ப்பார், “யாரு போட்டது இந்த லைனை?” என்பார். முன்பு கைவைத்தவனை ஏசாமல் எந்த பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வேலையைத் தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை. இவரும் அந்த மரபில் வந்தவர்தான். ஒரே சிக்கல், பல வீடுகளில் முன்பு கைவைத்தவரும் இவரேதான். “நீங்கதானேண்ணா போன மாசம் மாத்தினீங்க?” என்று வீட்டுப் பையன் கேட்டால், “அப்போ கிளைமேட் வேற தம்பி” என்று நகர்ந்துவிடுவார்.

முதல் வைத்தியம் எல்லாருக்கும் பொது: சுவிட்சை அணைத்துப் போடுவது. அதை நாமே செய்துகொள்ளலாம். ஆனால் அவர் செய்கிற அழகு நமக்கு வராது. “யாரும் போனைத் தொடாதீங்க” என்று வீட்டையே அடக்கி, உதடு அசைய எண்ணி, சுவிட்சைத் தட்டிவிட்டு, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வரும்வரை கைகட்டி நிற்பார். பல வீடுகளில் இதிலேயே குணமாகிவிடும். ரௌட்டரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தானே. மாதக்கணக்கில் ஓயாமல் ஓடினால் சூடேறும், நினைவகத்தில் அடைசல் சேரும். அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அவரிடம் காரணம் கேட்டால், “கரண்ட் உள்ளயே தேங்கிடுதுங்க” என்பார்.

அணைத்துப் போட்டும் சரியாகாத வீடுகளில்தான் ஆராய்ச்சி ஆரம்பிக்கும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை. முன்கூடத்தில் குழித்தறி, தறியை ஒட்டி இரும்பு பீரோ, பீரோவின் தலையில் சுவரோரமாக ரௌட்டர். கட்டம் போட்ட காகிதத்தில் ஜக்கார்டு டிசைன் வரைந்த காலம் போய், அது கம்ப்யூட்டரில் வரையப்பட்டு வாட்ஸப்பில் வருகிறது. முந்தி முடிந்ததும் மாஸ்டர் வீவர் போட்டோ கேட்கிறார். அதனால் நெட் நின்றால் தறியும் கொஞ்சம் தயங்கும். நம்மவர் தறியைச் சுற்றி வந்தார். கரையைத் தடவிப் பார்த்தார். “ஜரிகைதான் காரணம். வெள்ளி இல்லையா? சிக்னலை இழுத்து வெச்சுக்குது” என்றார்.

நெசவாளர் நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: “அப்போ முகூர்த்தப் புடவை கட்டின பொண்ணு போன்லயே பேச முடியாதா?”

பட்டு இழையின் மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதுதான் ஜரிகை. உலோகம் ரேடியோ அலையை மறிக்கும் என்பதும் மெய்தான். ஆனால் கரையில் ஓடும் ஜரிகை தெரிந்த கண்ணுக்கு ஆளுயர இரும்பு பீரோ எப்படித் தெரியாமல் போயிற்று? இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுப் பாட்டி தூசி துடைப்பதற்காக ரௌட்டரை இறக்கி, திரும்ப ஏற்றி வைக்கக் கை எட்டாமல், நடுக்கூடத்து ஆணியில் மாட்டிவிட்டார். பின்கட்டு வரை நெட் பாய்ந்தது. “ஜரிகைக்கு எதிர்ப்பக்கம் மாட்டிட்டீங்க, அதான்” என்று பெருமையை அண்ணன் எடுத்துக்கொண்டார்.

அந்தத் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்றால் 1, 6, 11 என்ற மூன்றுதான். இதை அவர் எங்கோ கற்றுக்கொண்டார். “பக்கத்து வீட்டுக்காரரும் 6-ல இருக்காரு, அதான் இடிக்குது” என்று ஒரு வீட்டை 11-க்கு மாற்றினார். வேகம் சட்டென்று கூடியது. பக்கத்து வீட்டார் கேள்விப்பட்டு அழைத்தார்கள். அவர்களையும் 11-க்கு மாற்றினார். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் கோடிவீடு. கடைசியில் தெருவே 11-ல் குடியேறிவிட, 1-உம் 6-உம் பூட்டிய வீடாகக் கிடந்தன.

சந்நிதித் தெருவில் நடந்தது வேறு. 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் மட்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக வரும், சுவர் குறுக்கிட்டால் சோர்ந்துவிடும். ஒழுங்காகத்தான் விளக்கிக்கொண்டு வந்தார். இடையில், உள்ளூரில் கிடைக்கிற உதாரணம் என்று வடகலை, தென்கலை என வாயை விட்டுவிட்டார். வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமைக்காகக் கோர்ட்டு ஏறிய ஊர் இது. எந்தக் கலை வேகம், எந்தக் கலை தூரம் என்று பேச்சு வளர்ந்து காபி ஆறிப்போனது. ரௌட்டரை ஒருவரும் நினைக்கவில்லை. அவர் கிளம்பும்போது அந்த வீட்டு வைஃபைக்கு இரண்டு பெயர் சூட்டியிருந்தார்: ‘வரதர் துணை’, ‘வரதர் துணை 5ஜி’. அதைச் செல்போன் 5ஜி என்று எண்ணி, “நம்மாத்துக்கு 5ஜி வந்துடுத்து” என்று மாமி அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டார்.

காந்தி ரோட்டுக் கடையில் புகார் கணக்கு சம்பந்தமானது. “நூறுக்குப் பணம் கட்டறோம் சார், படம் இறக்கினா பன்னிரண்டுதான் காட்டுது.” கட்டுகிற நூறு மெகாபிட், திரையில் காட்டுகிற பன்னிரண்டு மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், சவரனும் கிராமும் மாதிரி. எட்டு கிராம் ஒரு சவரன் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய கடைக்காரருக்கு இதை ஒரே வரியில் விளங்க வைத்திருக்கலாம். சார் சொன்ன பதில்: “ஜிஎஸ்டி பிடிச்சது போகத்தான் வரும் முதலாளி.” முதலாளி ஒப்புக்கொண்டார். ஜிஎஸ்டி என்று சொல்லிவிட்டால் அந்தக் கடைவீதியில் மறுபேச்சு கிடையாது.

இன்னொரு கடையில் வேகம் மூன்று மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டுவந்தபோது வினாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். 2023-ல் அந்தக் குறைந்தபட்சம் 2 மெகாபிட்டாக ஏறியது. இதைப் பேப்பரில் படித்ததிலிருந்து சாருக்குத் தைரியம் கூடிவிட்டது. “கவர்மெண்டு ரெண்டுதான் சொல்லுது, உங்களுக்கு ஒண்ணு கூடவே வருது” என்று வாழ்த்திவிட்டு இறங்கினார்.

காஞ்சிபுரத்தில் நெட் நிற்பதற்கு வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றாத ஒரு காரணமும் உண்டு: பெருமாள். வைகாசி பிரம்மோற்சவத்தில் தேர் வருகிறதென்றால் வீதியின் குறுக்கே போகும் கம்பிகள் வழிவிட்டாக வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபரும் அதில் சேர்த்தி. தேர் நிலைக்குப் போனபின் அவசரத்தில் திரும்பக் கட்டும்போது ஃபைபரை இறுக்கி வளைத்துவிட்டால், உள்ளே ஓடும் ஒளி அந்த வளைவில் கசிந்துபோகும். அறுந்தே போனால் ஒட்டுவதற்கு ஆள் வர வேண்டும். அப்படி ஒரு நாள் ஒட்டுகிறவர் பெட்டியோடு வந்து, தலைமுடியளவே உள்ள கண்ணாடி இழையின் இரு முனைகளையும் மின்பொறியில் உருக்கி ஒட்டியதை, ரௌட்டரை ஆணியில் மாட்டிய நம் நெசவாளர் வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து பார்த்தார். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு, விரலில் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாகப் பிணைத்த கை அவருடையது. “ஒத்த இழையை ஒட்டறதுக்கா இம்மாம்பெரிய மெஷினு?” என்றார். அண்ணன் அன்றைக்கு ஒன்றும் விளக்கவில்லை.

ஆனால் அவர் வாய் ரொம்ப நேரம் சும்மா இருக்காது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர் 2019-ல் 48 நாள் தரிசனம் தந்தபோது அவ்வளவு கூட்டத்திலும் ஊருக்கு நெட் அறுபடாமல் பார்த்துக்கொண்டது தானே என்பார். நம்பாதவர்கள் அடுத்த தரிசனத்துக்கு, 2059 வரை, பொறுத்திருந்துதான் சரிபார்க்க வேண்டும்.

இனி குண்டூசி. ரௌட்டரின் முதுகில் ரீசெட் என்று ஒரு பொடித் துளை இருக்கும். ஊசியை விட்டுச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் அது பிறந்த மேனிக்குத் திரும்பிவிடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சில இணைப்புகளில் கம்பெனி கொடுத்த யூசர் நேம் உட்பட எல்லாம் அழிந்துபோகும். வந்தாயிற்று, காபியும் குடித்தாயிற்று, வேகம் மட்டும் ஏறவில்லை, வீட்டார் கண் முழுக்கத் தன் மேல் என்கிற கட்டத்தில் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அதுவரை தவழ்ந்து வந்த நெட் அதோடு படுத்துவிடும். “சர்வர் டவுன்” என்பார். சர்வர் என்பது யாரும் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாத இடம் என்பதால் அவரைப் பொறுத்தவரை அது எப்போதும் டவுன்தான். பிறகு கம்பெனிப் பையன் வந்து யூசர் நேமைப் போட்டுச் சரிசெய்யும்போது, பக்கத்தில் நின்று தலையாட்டுவதும் இவர்தான்: “நான் அப்பவே சொன்னேன்.”

இத்தனையும் சொன்ன பிறகு அவருக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிட வேண்டும். ரௌட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறதா? வருஷக்கணக்கில் பிளக்கில் கிடந்து சூடேறி, அடாப்டருக்குள் கண்டென்சர் உப்பிப்போயிருக்கும். 12 வோல்ட் தர வேண்டியது தள்ளாடும். புது ரௌட்டர் வாங்கச் சொல்லத்தான் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர் அடாப்டரைக் கழற்றிக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், “இது போச்சு” என்பார். வோல்ட்டும் ஆம்பியரும் எழுதிய பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, பையிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்து மாட்டுவார். இதில் மட்டும் தவறியதே இல்லை. காசு வாங்க மாட்டார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு டீ, சந்நிதித் தெருவில் மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியில் ஒரு துண்டு.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறார்கள், பாட்டு போடுகிறார்கள். இவர் கூப்பிட்ட அரைமணியில் வருகிறார். அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி கொடுத்த யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் ஒரு காகிதத்தில் எழுதி பீரோவுக்குள் பத்திரப்படுத்துங்கள். ரீசெட் துளையின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். அப்புறம் தாராளமாகக் கூப்பிடுங்கள்.