ரெட்டைக்குப் பேர் வெக்கிற லட்சணம்

வாடா பேராண்டி, உட்காரு. ஆணு ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, ஒரே பிரசவத்துல. ஆம்பூர்ல எத்தனையோ ஷூ கம்பெனி கீது, ஒரே ஷிப்ட்ல இப்பிடி டார்கெட் முடிச்சவன் நீ ஒருத்தன்தான். அது கெடக்கட்டும், கையில இன்னா சீட்டு? பேர் லிஸ்ட்டா? படி.

த்ரிஷ்விக், த்ரிஷ்விகா. பலே! எனக்கு முன்பல்லு ரெண்டும் போயி வெகு நாளாச்சு. நான் இந்தப் பேரைக் கூப்பிட்டா எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியைத் தொடைச்சிக்கணும். உன் மாமியா பேர்ணாம்பட்டுக்காரி, மூணாம் நாளே திரிசங்குன்னு ஆக்கிடுவா. அடிச்சிட்டு அடுத்ததைப் படி.

சிவா, சக்தியா? டேய், அவங்க புருசன் பொஞ்சாதிடா! இதுல உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, ஊர்ல பாதிப் பேரு இப்பிடித்தான் மாட்டிக்கிறாங்க. ரெண்டும் பையன்னா ராமன், லட்சுமணன். பாய் வீடா இருந்தா ஹசன், ஹுசைன். ரெண்டும் பொண்ணுன்னா கங்கா, யமுனா. யோசிக்கவே வாணாம். ஆணும் பொண்ணும்னு வந்தா ராமன்-சீதா, கண்ணன்-ராதான்னு வாய் தானா ஓடும். அண்ணன் தங்கச்சிய மணவறையில உட்கார வெச்ச மாதிரி ஆயிடும், ஜாக்கிரதை. கண்ணனுக்குக் கூடப் பொறந்தவ வேணும்னா சுபத்திரை இருக்கா. பெருமாளுக்குத் தங்கச்சி மீனாட்சி. நெசமாவே ஆணும் பொண்ணுமா பொறந்த ரெட்டை வேணும்னா பாரதத்துல கிருபன், கிருபி. கிருபன் அரண்மனைக்கே வாத்தியார், கிருபி துரோணருக்கு வாக்கப்பட்டவ. யமனுக்கும் யமின்னு ஒரு ரெட்டைத் தங்கச்சி உண்டு. ஆனா யமான்னு கூப்பிட்டு சோறு ஊட்ட உன் பொஞ்சாதி ஒத்துக்குவாளான்னு கேட்டுக்க.

ஒரு எழுத்து மாத்தினா ஆணு, இன்னொரு எழுத்து மாத்தினா பொண்ணு, கேக்க சொகமாத்தான் கீது. பள்ளிக்கூடம் போறப்பதான் தெரியும். பொறந்த தேதி ஒண்ணு, அப்பன் பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, வூட்டு நம்பரும் ஒண்ணு. மிச்சம் இருக்கிறது பேரு மட்டும்தான், அதையும் ஒண்ணாக்கிட்டா கம்ப்யூட்டர் தட்டுற பொண்ணு, ஒரே ஆளை ரெண்டு வாட்டி எழுதிட்டாங்கன்னு ஒருத்தனை அடிச்சிடும். அப்பறம் ரேஷன் கார்டுல ஒரு புள்ளைக்கு அரிசி வரும், இன்னொண்ணு வேடிக்கை பாக்கும்.

நீ ஷூ கம்பெனிக்காரன், உனக்குப் புரியிற மாதிரி சொல்றேன். ஜோடின்னா ஒரு வலது, ஒரு இடது. தோலு ஒண்ணா இருக்கணும், கலர் ஒண்ணா இருக்கணும், ஆனா ரெண்டும் இடதா போயிட்டா ஜெர்மன்காரன் பெட்டியோட திருப்பி அனுப்பிடுவான்.

நம்ம பக்கத்து ஊர்ப் பேரைச் சுமந்த ஒரு ரெட்டையே இதுக்குச் சாட்சி. ஆற்காடு ராமசாமி முதலியார், ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 1887ல கர்நூல்ல பொறந்தவங்க. இனிஷியலு ஒண்ணு, முகமும் ஏறக்குறைய ஒண்ணு, ரெண்டு பேருக்கும் வெள்ளைக்காரன் சர் பட்டமும் குடுத்தான். அண்ணன் 1946ல ஐ.நா. பொருளாதார சமூகக் கவுன்சிலுக்கு மொதல் தலைவர். தம்பி டாக்டரு, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 வருசம் துணைவேந்தர். பேரு ஜோடியாத்தான் இருந்துச்சு, மொத எழுத்து மட்டும் வேற வேற. வெச்சவன் புத்திசாலி.

சரி, இங்கிலீசு எழுத்துக்கு வா. அந்த ஜோசியக்காரன் கடைசியில இன்னொரு ஏ சேக்கச் சொன்னானா? சேத்துக்க, காசா பணமா. ஜெயலலிதாவே 2001ல ஒரு ஏ சேத்துக்கிட்டாங்க. ஆனா அவங்க முதலமைச்சரா இருந்தவங்க, எழுத்தை மாத்தினதும் ஊரே மாத்தி எழுதுச்சு. உனக்கு வார்டு ஆபீசு பியூன்கூட மாத்தித் தரமாட்டான். சர்க்காரே இதுல கையைச் சுட்டுக்கிச்சுடா. 2020 ஜூன்ல 1,018 ஊர்ப் பேருக்குப் புது இங்கிலீசு ஸ்பெல்லிங் போட்டாங்க. நம்ம வேலூருக்கு வி, ரெண்டு ஈ, எல், ரெண்டு ஓ, ஆர். படிச்சவன்லாம் வீலூருன்னான். ஊரு முழுக்கச் சிரிச்சுது, ஒரு வாரத்துல வாபஸ். கோட்டையில உக்காந்து எழுதினதே நிக்கலை, ஜோசியன் எழுதினது நிக்குமா?

பொண்ணுக்கு யாழினின்னு உன் பொஞ்சாதி சொல்றாளாமே, எனக்குப் புடிச்சிருக்கு. இசட் எச் போடுவியோ, வெறும் எல் போடுவியோ, மொதல்ல உக்காந்து முடிவு பண்ணு. பொறப்புச் சீட்டுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, மார்க் ஷீட்டுல ஒண்ணுன்னு விட்டா, பின்னாடி கெஜட்டு, நோட்டரின்னு அலையிறது நீதான். நம்ம தெருவுலயே முகம்மதுங்கிற ஒரு பேரை அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி எழுதிட்டுத் துபாய் போற நேரத்துல தலையில அடிச்சிக்கிறாங்க. துபாய்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2022 நவம்பர்ல அமீரகத்துக்காரன், பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசா இல்லன்னுட்டான். அப்பறம், அப்பன் பேரு பாஸ்போர்ட்டுல வேற பக்கத்துல இருந்தா விடுறோம்னு எறங்கி வந்தான். அதனால வெறும் இனிஷியலோட நிக்காத, உன் பேரை முழுசா விரிச்சு எழுது. இதுக்காவது உன் பேரு உதவட்டும்.

வூட்டுல குண்டு, குட்டின்னு இன்னா வேணா கூப்பிடு. குடியாத்தம் கெங்கையம்மனுக்கு வேண்டிக்கிட்ட உங்க ஆயாளுக்கு ஒரு கெங்கா வேணும், அதையும் வூட்டுப் பேராவே வெச்சுக் குடுத்து வாயை அடைச்சிடு. காயிதத்துல மட்டும் வெளையாடாத. 2023 அக்டோபர் 1க்கு அப்பறம் பொறந்த புள்ளைங்களுக்கு, பள்ளிக்கூடத்துல சேக்க, லைசென்ஸ் எடுக்க, ஓட்டர் லிஸ்ட்டுல பேர் சேக்க, கல்யாணத்தைப் பதிய, எல்லாத்துக்கும் அந்தப் பொறப்புச் சீட்டுதான் ஆதாரம்னு சட்டமே சொல்லிடுச்சு.

பொறந்ததை 21 நாளைக்குள்ள பதிஞ்சிடணும். பேர் எழுத மட்டும் 12 மாசம் டைம், அதுவரைக்கும் காசு கெடையாது. அதைத் தாண்டினா 15 வருசம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டி எழுதலாம். அவசரமில்ல, அந்த லிஸ்ட்டைக் கிழிச்சிப் போட்டுட்டு வேற எழுதிக்கிட்டு வா. ரெண்டு பேருக்கும் மொத எழுத்து வேற வேறயா இருக்கட்டும்.