இந்தா, அந்தா, அந்தாஅஅ: சிவனொளிபாதமலைக்குப் பை மாட்டுதலும் வழி கேட்டலும் குறித்த ஓர் ஆய்வு

இரத்தினபுரிப் பக்கமிருந்து சிவனொளிபாதமலை ஏறுகிறவர் முதுகில் எதை மாட்டுவது, வழியை எதில் பார்ப்பது என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்குக் காரணம் ஒரு வினாக்கொத்து. போன மாசியில் ஓர் ஆய்வாளர் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து இஸ்தோப்பில் பதினாறு பக்கத் தாளோடு உட்கார்ந்து, "மலையேறும்போது நீங்கள் பின்பற்றும் பொதி காவும் முறைமை யாது?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். பெரியம்மா, "முதுகுலதான்" என்றார். அதை அவர் நாலு வரியில் எழுதிக்கொண்டார். மீதி மூன்றே முக்கால் வரியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்ததில் இக்கட்டுரை பிறந்தது.

முதலில் பை. பைகள் மூவகைப்படும்: தோளில் தொங்குவது, தலையில் தொங்குவது, கையில் தொங்குவது. மூன்றாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதல் மைலிலேயே அது மச்சான் கைக்கு மாறிவிடும். கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தார் கையில் வாளி பிடித்தவர்கள் ஆகையால் அவர்களுக்குத் தனி ஆய்வு தேவை. வேறு யாராவது செய்யட்டும்.

கடைப் பைக்கு வார் தோளில். கொழுந்துக் கூடைக்குக் கயிறு உச்சந்தலையில். இப்போது கூடை போய் சாக்கு வந்துவிட்டது. கயிறு மட்டும் இடம் மாறவில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது மலையேற்றக்காரர் விதி. 45 கிலோ எடையுள்ள பெண் என்றால் 9 கிலோ. அதே பெண் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், வாங்கப் பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். ஒரே நடையில் அல்ல, நிறுவைக்கு நிறுவை கொட்டிக் கொட்டித்தான், ஆனாலும் சரிவில். இந்த இடத்தில்தான் கழிவுக் கோட்பாடு உதவிக்கு வருகிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பது நிறுவை மரபு. மலையேறுகிறவரும் பையைத் தராசில் தொங்கவிட்டு, 11 கிலோ வந்தால் ஈரத்துக்கு 2 கழித்து 9 என்று குறித்துக்கொள்ளலாம். பை இலேசாகாது, கணக்கு இலேசாகும் (பெரியம்மா, 'தலைக்கயிறும் தலைவலியும்', அடுப்படிப் பதிப்பு).

பைக்குள் டோர்ச், கம்பளி, ரொட்டி, சம்பல். இவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு எலுமிச்சம்பழத்தில் வருகிறது. 1344-இல் இம்மலை ஏறிய இபின் பதூதா, பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும் அட்டையைப் பற்றியும், அதன்மேல் பிழிய எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட எழுநூறு ஆண்டுகளில் அட்டை தன் முறைமையை மாற்றவில்லை. கால் கடிக்கும் அட்டை, வரைபடம் ஒட்டிய அட்டை, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது தற்செயல் அல்ல என்பது என் துணிபு. முதலாவது கேட்காமலே வந்து ஒட்டும். மூன்றாவது எங்கள் தாத்தாமார் பல்லாண்டு அலைந்தும் ஒட்டவில்லை (ஒப்பிடுக: பெரியப்பா, 'கந்தோர் வாசலில் காத்திருந்த காலம்', மூன்று பாகம், கடைசிப் பாகம் இருமலால் தடைப்பட்டது).

அதே இபின் பதூதா மலைக்கு 'பாபா', 'மாமா' என்று இரண்டு வழி சொல்கிறார். பாபா ஆதாம், மாமா ஏவாள். நம்மூர் மாமா இதில் சம்பந்தப்படவில்லை. மாமா வழி இலேசானது, அதில் ஏறியவரை ஏறியவராகவே மதிக்க மாட்டார்கள் என்கிறார். எது எந்த வழி என்பதில் அறிஞர் சண்டையிடலாம். இரத்தினபுரியில் தொடங்கி, பலாபத்தல தாண்டி, 2,243 மீற்றர் உச்சிவரை போகும் எங்கள் வழிதான் பாபா. சான்று: என் முழங்கால். மறுபக்கத்து நல்லதண்ணி வழியாக ஏறிய மச்சானுக்கு இதை வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை.

இனி வரைபடம். நில அளவைத் திணைக்களம் 1800-இலிருந்து இருக்கிறது. அதன் 1:50,000 தாளில் இரண்டு சென்றிமீற்றர் ஒரு கிலோமீற்றர். நல்ல தாள்தான். ஆனால் பங்களா மலை, ஆத்தோர மலை என்று நாங்கள் அழைக்கும் எந்த மலையையும் அதில் தேடிப் பயனில்லை. ஆகவே வாயால் வழி கேட்கிறோம். வாய்க்கும் ஓர் அளவுத்திட்டம் உண்டு. அதைக் கண்டுபிடித்தது இக்கட்டுரை.

பலாபத்தலைக்கு முந்திய ஒரு தேயிலைச் சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம், "அம்மா, மலைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். இரண்டு கையும் செடியில். தலைக்கயிறு இறுகி இருந்ததால் தலையும் திரும்பவில்லை. நாடியை மட்டும் அரை அங்குலம் தூக்கி, "அந்தாஅஅ" என்றார்.

தொல்காப்பியப்படி குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் இன எழுத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 'இந்தா' என்றால் ஈற்றில் இரண்டு மாத்திரை: ஒரு வளைவு. 'அந்தா' என்பதும் இரண்டே, ஆனால் சேய்மைச் சுட்டு: இரண்டு வளைவும் ஓர் ஓடையும். 'அந்தாஅ' மூன்று: சாப்பிட்டுவிட்டுப் போகலாம். 'அந்தாஅஅ' நான்கு: விடியுமுன் உச்சி கிடையாது. நாடி உயர்ந்த கோணம் செங்குத்தைக் காட்டும். சமவுயரக் கோடு என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். இறங்கி வருகிறவர் எல்லாத் தூரத்துக்கும் 'இந்தா' என்பார். அதை இலக்கணத்தில் சேர்க்கக் கூடாது, அது கருணை (விரிவுக்கு: பெரியம்மா, 'வழிப்போக்கருக்குச் சொல்லத்தக்க பொய்கள்', பிரட்டுக்களச் சொற்பொழிவு, மழையால் ஒத்திவைக்கப்பட்டு மறுநாள் பீலிக்கரையில் தொடர்ந்தது, சாட்சி இரண்டு குடம்).

இக்கோட்பாட்டை அந்த ஆய்வாளருக்கு எழுதி அனுப்பினேன். மாதிரியின் அளவு போதாது, ஒரே ஒரு நாடிதான் பார்த்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது வேனில். வேனுக்கு வழி காட்டியது கைத்தொலைபேசி. ஒருவரிடமும் நின்று வழி கேட்காமல் களஆய்வு முடித்தவருக்கு நாடியின் அருமை எப்படித் தெரியும்?

உச்சியில் மணி இருக்கிறது. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். போன பருவத்தில் பெரியம்மா பதினேழு அடித்தார். முதுகில் பழைய கொழுந்துச் சாக்கு, மடியில் நாலு எலுமிச்சம்பழம், அதில் ஒன்று மீதி. நான் கடைப் பையோடு போய் இரண்டு அடித்தேன்.

பருவம் உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை. எலுமிச்சம்பழத்தை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மடியிலோ சட்டைப்பையிலோ வையுங்கள், பையின் அடியில் வேண்டாம். அட்டை ஒட்டிய பிறகு ஒற்றைக் காலில் நின்று பையைக் கொட்டித் தேடிய அனுபவம் எனக்கு இருக்கிறது.