ஸ்மார்க் பேரனுக்குத் தாத்தா சொன்ன புத்தி

ஏலே பேராண்டி, செத்த உக்காரு. ரெஸ்லிங் பாத்து அழுத உன் தம்பியை 'மார்க்'குன்னு கேலி பண்ணினியாம்லா? ஆட்டத்தை நெசம்னு நம்புதவன் மார்க்காம், உள்விவகாரம் தெரிஞ்சவன் ஸ்மார்ட்டாம். எல்லாம் தெரிஞ்சும் ராவும் பகலும் அதையே பாத்துக்கிட்டு, எழுதுனவனுக்கே பாடம் சொல்லுதவன் ஸ்மார்க். நீ அந்த மூணாவது ரகம்.

ஸ்மார்க்குன்னா லேசா? எவனாவது விழுந்தா 'ஐயோ'ன்னு சொல்லிராத. 'பம்ப் நல்லா எடுத்தான்'னு சொல்லணும். 1998-ல பிட்ஸ்பர்க்குல மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் இரும்புக் கூண்டு உச்சியிலேருந்து தள்ளிவிட்டான். 16 அடி, மேசை மேல வந்து விழுந்தான். அந்த மனுசன் மறுபடியும் ஏறினான். இந்த மட்டம் கூண்டோட கூரை பிஞ்சு உள்ள விழுந்து, ஒரு பல்லு மூக்குக்குள்ள போயிட்டு. யாரு ஜெயிக்கணும்னு முன்கூட்டியே பேசி வச்சதுதான், ஒத்துக்கிடுதேன். பல்லுகிட்ட யாருலே பேசினா?

நடிப்பை வெளிய விடாமக் காக்குததுக்கு 'கேஃபேப்'னு பேராம். அதை நீ கண்டுபிடிச்ச மாதிரி பேசுத. ரெஸ்லிங் நடத்துத கம்பெனிக்காரனே 1989-ல நியூஜெர்சி செனட்டுல போயி, இது போட்டி இல்ல, வேடிக்கைதான்னு சொல்லிட்டான். எதுக்கு? விளையாட்டு ஆணையத்தோட கெடுபிடியும் வரியும் தொலையட்டும்னுதான். மூடி வச்சப்பவும் காசு, தொறந்து விட்டப்பவும் காசு!

1997-ல மான்ட்ரியல்ல பிரெட் ஹார்ட்டுகிட்டச் சொல்லாமலே முடிவை மாத்தி பட்டத்தைப் பறிச்சிட்டாங்க. அது 'ஷூட்', நெசமாவே நடந்தது. உன் ஆளுகள்ல சிலபேரு அதுவும் பேசி வச்ச 'வொர்க்'குதான்னு இன்னைக்கும் சாதிக்கானுவ. மார்க் பொய்யை நம்பிக் கெட்டான்னா, நீங்க நெசத்தை நம்பாமக் கெடுதிய.

2015 ராயல் ரம்பிள்ல என்னாச்சு? ஃபேஸா, அதாவது நல்லவன் வேசத்துல நின்ன ரோமன் ரெய்ன்ஸ் ஜெயிச்சதும் பிலடெல்பியாவே 'பூ'ன்னு கத்துச்சு. பெரிய நட்சத்திரம் ராக் வந்து அவன் கையைத் தூக்கிப் பிடிச்சும் அடங்கல. கத்துனவன் எவனும் ஓசியில உள்ள போகலலே. கம்பெனி பாத்துது, 2020-ல அதே ஆளை ஹீலாக்கி, அதாவது கெட்டவனாக்கி விட்டுது. திட்டுன வாயெல்லாம் அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுச்சு.

சரி, டிவியைப் போடு. ரெய்ன்ஸு இப்ப ஃபேஸா ஹீலா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ. யாரை ஏசணும்னு தெரியாம நான் எப்பிடிலே உக்காந்து பாக்க?