கண்டுபிடிப்புகளைச் சிறிது காலம் நிறுத்திவைக்கக் கோரி

பெறுநர்: நோபல் அவையினர், கரோலின்ஸ்கா நிறுவனம், ஸ்டாக்ஹோம்.
அனுப்புநர்: பிளஸ் டூ உயிரியல் ஆசிரியை, தமிழ்நாடு. (பெயர் போட்டால் மெமோ வரும்.)
பொருள்: ஆண்டுதோறும் அக்டோபரில் எங்கள் போர்ஷனுக்கு இடையூறு விளைவிப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அவையோர்க்கு,

தாங்கள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் தொடக்கத்தில், திங்கட்கிழமையாகப் பார்த்து, உங்கள் ஊர் நேரப்படி காலை பதினொன்றரைக்கு மருத்துவப் பரிசை அறிவிக்கிறீர்கள். எங்களுக்கு அது பிற்பகல் மூன்று மணி. காலாண்டு முடிந்து, விடைத்தாள் கொடுத்து, 'ஏன் மார்க் குறைஞ்சுது' என்று பெற்றோரை வரவழைத்துப் பேசி, அரையாண்டுக்குள் மிச்சத்தை ஓட்டியாக வேண்டிய நேரம். 2023இல் அக்டோபர் 2ஆம் தேதி அறிவித்தீர்கள். காந்தி ஜெயந்தி, பள்ளி விடுமுறை. அந்த ஒரு கருணைக்கு நன்றி. மற்ற ஆண்டுகளில் மறுநாள் காலையே கேள்வி வந்துவிடுகிறது: "மிஸ், நோபல் நியூஸ் பார்த்தீங்களா? அது நம்ம பாடம்தானே?"

சிக்கலே அதுதான். அது எங்கள் பாடம்தான்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டதற்காக விக்டர் அம்ப்ரோசுக்கும் கேரி ருவ்கனுக்கும் பரிசு தந்தீர்கள். நான் அப்போது மூலக்கூறு மரபியலில் இருந்தேன். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம், நடுவில் இரண்டு அம்புக்குறி, மூன்று மதிப்பெண். வருடம் தவறாமல் இந்த இடத்தில் ஏதாவதொரு பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும்: "எல்லா செல்லிலயும் ஒரே டிஎன்ஏதான்னா, கண்ணு ஏன் கண்ணா இருக்கு, கல்லீரல் ஏன் கல்லீரலா இருக்கு?" இதற்கு எங்களிடம் பரம்பரையாக ஒரு பதில் உண்டு: "அதெல்லாம் காலேஜ்ல வரும்." கல்லூரியில் கேட்டால் பிஜியில் வரும் என்பார்கள். பிஜி முடித்தவர்கள் பி.எட். முடித்து எங்களிடமே வந்து சேர்வார்கள். இப்படிச் சீராகச் சுழன்றுகொண்டிருந்த ஏற்பாட்டில், உங்கள் செய்திக்குறிப்பின் தொடக்கத்திலேயே அதே கேள்வியை எழுதி, கீழே பதிலையும் எழுதி, உலகம் முழுக்க அனுப்பிவிட்டீர்கள்.

பதிலாவது கொஞ்சம் சப்பென்று இருந்திருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். (எங்களுக்கு உருளைப்புழு என்றால் அஸ்காரிஸ்தான். இந்தக் குட்டிப் புழுவை வைத்து மட்டும் உங்கள் ஊர் நாலு முறை பரிசு கொடுத்திருக்கிறதாம்.) அதில் லின்-4 என்ற ஜீன் கெட்டுப்போனால், புழு இளம்பருவத்தின் முதல் கட்ட வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். முன்னால் நகராது. பணிமூப்பில் உள்ள எங்களில் சிலரை நினைத்துக்கொண்டு மேலே போகிறேன். அந்த ஜீன் எந்தப் புரதத்தையும் செய்வதில்லை; 22 எழுத்து நீளத்தில் ஒரு துக்கடா ஆர்என்ஏவை மட்டும் செய்கிறது. அது லின்-14 என்ற வேறொரு ஜீனின் தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாக விடாமல் தடுக்கிறது. என் இரண்டாவது அம்புக்குறியின் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு 'இப்போ வேண்டாம்' என்கிறார். இதைக் கேட்ட பிள்ளைகள் அம்புக்குறியை நம்புவதில்லை. மூன்று மதிப்பெண் போச்சு.

ஜீன் கட்டுப்பாடு எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். லாக் ஓபரானை விழுந்து விழுந்து நடத்துகிறோம். ஜேக்கப்பும் மோனாடும் 1961இல் சொன்னது. 1965இல் நீங்களே பரிசு கொடுத்தது. அதனால் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அறுபது ஆண்டு ஊறிவிட்டால் எந்தக் கண்டுபிடிப்பும் யாரையும் கேள்வி கேட்க வைக்காது என்பது எங்கள் அனுபவம்.

செய்தி படிப்பதில் வெறும் நேர விரயம் மட்டுமல்ல, ஆபத்தும் இருக்கிறது. நீட்டுக்காகப் பிள்ளைகள் வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவந்த என்சிஇஆர்டி நூலில் மனித ஜீன்களின் எண்ணிக்கை 30,000. மனித ஜீனோம் திட்டம் 2003இல் முடிந்தது என்றும் படிக்கிறார்கள். 2022இல், அதுவரை வாசிக்க முடியாமல் விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதத்தையும் வாசித்து முடித்தார்கள். புரதம் செய்யும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000தான் என்பது இன்று யாரும் அறிந்தது. அப்படியொரு கேள்வி தேர்வில் வந்து, செய்தித்தாள் படிக்கும் கெட்ட பழக்கமுள்ள ஒரு பெண் 20,000 என்று குறித்துவிட்டால், கீ-யின்படி நான்கு மதிப்பெண் கிடைக்காததோடு இன்னொன்றும் கழியும். சரியான விடைக்கு மைனஸ் மார்க். அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம்தான் வருவார், உங்களிடம் வரமாட்டார். ஆகவே என் வகுப்பில் அறிவியல் செய்தி படிப்பவர்களுக்கு நானே முன்னெச்சரிக்கை தருகிறேன்: தெரிந்து வைத்துக்கொள், எழுதாதே.

2022 இன்னும் மோசம். சுவாந்தே பேபோவுக்குக் கொடுத்தீர்கள். சைபீரியாவில் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்புத் துணுக்கின் டிஎன்ஏவைப் படித்து, அதுவரை யாரும் அறியாத ஒரு மனித இனத்தைக் கண்டவர். நியாண்டர்தால் ஜீனோமையும் படித்தவர். எங்கள் பிள்ளைகளுக்கு நியாண்டர்தால் என்பவர் படத்தில் கூனிக்கொண்டு நிற்கும் ஆள், மூளைக் கொள்ளளவு 1,400 கன சென்டிமீட்டர், ஒரு மதிப்பெண். அவரோடு உறவு கொண்டாடும் எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை. பேபோவும் அவருடைய சக ஆய்வாளரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? கொரோனா தீவிரமாவதற்கான வாய்ப்பைக் கூட்டும் ஒரு டிஎன்ஏ துண்டு, மூன்றாம் குரோமோசோமில் இருப்பது, நியாண்டர்தாலிடமிருந்து வந்தது. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம், தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கொரோனாவில் தாத்தாவைப் பறிகொடுத்த பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். அன்று ஒருவரும் 'இது எக்ஸாமுக்கு வருமா' என்று கேட்கவில்லை. அது எவ்வளவு அபாயகரமான அறிகுறி என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

டெல்லியில் இதற்கு ஓர் அருமையான தீர்வு கண்டார்கள். கொரோனா காலப் பாடச்சுமைக் குறைப்பு என்று தொடங்கியது, பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபு' என்றானதில் முடிந்தது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்குச் சுமையின் வலி தெரியவில்லை. இப்போது அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்குப் பரிணாமம் உண்டு. காமர்ஸ் குரூப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது நிகழவே இல்லை. மிஞ்சிய மரபுப் பாடத்துக்கு வேண்டுமானால் பேபோவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்: அவருடைய தந்தை சுனே பெரிஸ்ட்ரோமும் 1982இல் இதே பரிசைப் பெற்றவர்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டேன். 2025இல் நீங்கள் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. நோயெதிர்ப்புச் செல்கள் நம் உடலையே தாக்காமல் அடக்கி வைக்கும் டி செல்களைப் பற்றிய ஆய்வு. (சில பழைய பாடநூல்களில் 'அடக்கி டி செல்' என்று ஒரு வரி உண்டு. நடுவில் அந்தக் கருத்து ஆய்வுலகில் செல்வாக்கிழந்துபோனது. சகாகுச்சி 1995இல் வேறு உருவில் மீட்டுக்கொண்டு வந்தார். எதையும் திருத்தாமல் காத்திருந்தால் அறிவியல் சுற்றிக்கொண்டு நம்மிடமே வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.) நான் டி செல், தைமஸ் சுரப்பி என்று இரண்டு வாக்கியத்தில் முடித்திருப்பேன். நீங்கள் நடுவில் ஓர் எலியை விட்டுவிட்டீர்கள்.

1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், அணுகுண்டுத் திட்டத்தையொட்டிக் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆய்வகத்தில், தோல் செதில் செதிலாக உரியும் எலிக்குட்டிகள் பிறந்தன. ஆண் குட்டிகளுக்கு மட்டும்தான் அந்த நோய். சில வாரங்களில் இறந்துவிடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்தான்: "ஆணெல்லாம் குட்டியிலேயே செத்துப்போச்சுன்னா, வியாதி எப்படி மிஸ் அடுத்த தலைமுறைக்குப் போச்சு?" நான் வாய் திறக்குமுன் எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண், "அம்மா எலிகிட்ட இன்னொரு எக்ஸ் இருக்குல்ல, லூசு" என்றாள். விக்டோரியா ராணியின் குடும்ப மரத்தையும் ஹீமோஃபிலியாவையும் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நான் மன்றாடியது அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியதும் அவள்தான். பிறகு எலியைப் பிடித்துக்கொண்டு தைமசுக்குப் போனோம். பிறந்த மூன்றாம் நாள் தைமஸை எடுத்துவிட்டால் எலியின் உடல் தன்னையே தாக்கத் தொடங்குகிறது என்ற சோதனைக்குப் போனோம். பிரன்கோவும் ராம்ஸ்டெலும் எக்ஸ் குரோமோசோமில் சந்தேகத்துக்குரிய இருபது ஜீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசி ஜீனில்தான் பிழையைக் கண்டார்கள் என்றபோது கடைசி பெஞ்ச் கைதட்டியது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஹெச்.எம்., நோட்ஸ் ஆஃப் லெசனை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதுல எலி எங்க இருக்கு?" என்றார். இல்லைதான். எலி இல்லாத பாடக்குறிப்பில் எலி நடத்தியதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை. தமிழ்நாட்டில் மேல்நிலைக்குப் புதிய பாடநூல்கள் 2018, 2019இல் வந்தன. நல்ல நூல்கள், வண்ணப் படமும் கியூஆர் கோடும் உண்டு. அதற்கு முந்தையவை பத்தாண்டுக்கு மேல் ஓடியவை. அடுத்த திருத்தம் வரும்வரை புதிய கண்டுபிடிப்புகளுக்குப் பரிசளிப்பதை நிறுத்திவைத்தால் நாங்கள் எட்டிப் பிடித்துவிடுவோம். தாமதம் உங்களுக்குப் புதிதல்லவே? லின்-4 பற்றிய கட்டுரைகள் 1993இல் வந்தன. நீங்கள் 31 ஆண்டு பொறுத்துப் பரிசு கொடுத்தீர்கள். சகாகுச்சிக்கு முப்பது. நான் கல்லூரியில் தேர்வெழுதும்போதே நடந்து முடிந்திருந்த விஷயங்கள் இப்போது எனக்கே புதுச் செய்தியாக வந்து சேர்கின்றன. ராம்ஸ்டெல் மலையேறப் போய் போனை ஏரோபிளேன் மோடில் போட்டிருந்ததால், பரிசு வென்றவருக்கே நீங்கள் தகவல் சொல்ல முடியாமல் தவித்தீர்கள். அவருக்கே போய்ச் சேராத செய்தியை என் வகுப்பில் மட்டும் மூன்று மணிக்குக் கொண்டுவந்து போடுவது எந்த ஊர் நியாயம்?

நிறுத்த இயலாதெனில், அறிவிப்பை நாலரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளவும். பதிலை ஒரு பக்க அளவில், முக்கிய வார்த்தைகளை அடிக்கோடிட்டு அனுப்பவும். படம் தேவையெனில் பென்சிலால் வரைந்து பாகம் குறிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உயிரியல் ஆசிரியை.

பி.கு.: எலிக்குப் பதில் சொன்ன அதே பெண், லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ புழுவிலும் ஈயிலும் மனிதரிலும் இருக்கிறதென்று எங்கோ படித்துவிட்டு வந்து, "நம்ம மூணு பேருக்கும் அதை யாரு மிஸ் கொடுத்தது?" என்கிறாள். பரிணாமப் பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்லிப் டெஸ்ட். அதற்குள் பதில் கிடைத்தால் நல்லது.