கிராய்ட்ஸ்பெர்க்கில் கை நனைக்க

பெர்லின்,
ஏப்ரல் மாதம். குளிர் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. 

மே மாதம் வருவதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அதே கடிதத்தில், "அந்த ஊரில் மனுஷன் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது கிடைக்குமா, இல்லை ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். நான் குடியிருக்கும் கிராய்ட்ஸ்பெர்க்கில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. சாப்பிட வருகிறவனுக்குத்தான் சட்டதிட்டம் ஜாஸ்தி. சமையல் எந்தச் சீமையிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பந்தி விசாரிப்பவன் மட்டும் ஜெர்மன்காரன். இதைப் புரிந்துகொண்டால் ஒருநாளும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

முதலில் பேட்டையைப் பற்றி. இதற்குப் பெயர் கொடுத்த மலை ஒன்று இருக்கிறது. உயரம் 66 மீட்டர். அழகர்மலை பார்த்தால் சிரிக்கும். ஆனாலும் அதன்மேல் பூங்கா, பூங்காவில் செயற்கை அருவி, உச்சியில் போர் நினைவுச்சின்னம், கொஞ்சம் தள்ளி கொல்கதா என்று ஒரு பீர்த் தோட்டம் என எல்லாம் வைத்து நிறைவாகவே நடத்துகிறார்கள்.

1961-இல் பெர்லின் சுவர் எழுந்தபோது பேட்டையின் கிழக்குப் பாதியை மூன்று பக்கமும் சுவர் அடைத்துக்கொண்டது. வசதியுள்ளவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வாடகை விழுந்தது. அதே ஆண்டில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்தது. வந்தவர்களில் நிறையப் பேர் இந்தப் பழைய வீடுகளில்தான் குடியேறினார்கள். இரண்டொரு வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்று சர்க்கார் கணக்குப் போட்டது. அவர்களோ குடும்பத்தை வரவழைத்து, அடுப்பு மூட்டி, கடையும் போட்டுவிட்டார்கள். இன்று ஊருக்கே சோறு போடுவது அவர்கள்தான்.

அவர்கள் போடுகிற சோறு டோனர் கெபாப். நிமிர்ந்து நின்று சுழலும் கம்பியில் இறைச்சியை அடுக்கி, வெந்த ஓரத்தை நீளக் கத்தியால் சீவிச்சீவி, சுட்ட ரொட்டிக்குள் கோஸ், வெங்காயம், தக்காளியோடு திணித்துக் கொடுப்பார்கள். 1972-இல் பெர்லின் ஜூ ரயில் நிலையத்துக்கு அருகே காதிர் நூர்மான் என்பவர்தான் இதை முதன்முதலில் ரொட்டிக்குள் வைத்து விற்றார் என்பது ஒரு கட்சி. இல்லை, எங்கள் முதலாளிதான் முதல் என்று சொல்லும் கட்சிகளும் உண்டு. அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டாம். கையில் இருப்பது ஆறிவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கம்பியில் இருப்பது பெரும்பாலும் மாடு அல்லது கன்று. கோழிக்குத் தனிக் கம்பி இருக்கும்; "ஹேன்ஷென்" என்று கேளுங்கள். கேட்டதும் எதிர்க்கேள்விகள் வரும். எல்லாக் காயும் போடவா? பூண்டுச் சாறா, தழைச் சாறா, காரச் சாறா? இங்கேயே சாப்பிடவா, கட்டித் தரவா? பின்னால் வரிசை நிற்கிறது. யோசிக்க நேரம் கிடையாது. ரயிலில் ஏறும்போதே பதில்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். செவ்வாய், வெள்ளி கவுச்சி தொடமாட்டீர்கள் என்று தெரியும். அன்றைக்கு அதே கடையில் "மெர்ஜிமெக்" கேளுங்கள். மைசூர்ப் பருப்பை மசித்துக் கொதிக்கவைத்த சூப், பிழிந்துகொள்ள எலுமிச்சைத் துண்டு, தொட்டுக்கொள்ள ரொட்டி. குளிருக்கு இதைவிட நல்லது இந்தப் பேட்டையில் இல்லை.

அடுத்து கறிவுர்ஸ்ட். பெயரில் கறி இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பொரித்த தொத்திறைச்சியைத் துண்டு போட்டு, மேலே தக்காளிச் சாற்றை ஊற்றி, அதன்மேல் மசாலாப் பொடியைத் திருநீறு மாதிரி தூவுவார்கள், அவ்வளவுதான். 1949 செப்டம்பர் 4-ஆம் தேதி ஹெர்ட்டா ஹோய்வர் என்ற அம்மையார் பெர்லினின் இன்னொரு பகுதியான ஷார்லோட்டன்பர்கில் தன் பெட்டிக்கடையில் இதைக் கண்டுபிடித்ததாக நாள் குறித்துச் சொல்கிறார்கள். எங்கள் பேட்டையில் மேரிங்டாம் தெருவிலுள்ள 'கறி 36' இதற்குப் பேர்போன கடை. அங்கே கேட்கிற முதல் கேள்வி, "தோலோடா, தோல் இல்லாமலா?" நின்றுகொண்டே, காதுகுடையும் அளவுக்குச் சின்ன முள்கரண்டியால் குத்திச் சாப்பிட வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பன்றி. அத்தையிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த இரண்டு பத்திகளையும் அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஓட்டலில் உட்கார்ந்ததும் தண்ணீர் வராது. கேட்டால் பாட்டிலில் வரும், பில்லிலும் வரும். பெரும்பாலும் கேஸ் ஏற்றிய தண்ணீர். குடித்தால் ஏப்பம் உத்தரவாதம். பல இடங்களில் பீர் அதைவிட மலிவாக இருந்ததால்தானோ என்னவோ, மது விற்கும் உணவகத்தில் மதுவல்லாத பானம் ஒன்றாவது அங்குள்ள மிக மலிவான மதுவைவிட விலை கூடாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆப்பிள் சாற்றுச் சட்டம் என்று அதற்குச் செல்லப்பெயர். குடிக்காதவனுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று யோசித்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

பீரைத் தெருவில் நடந்துகொண்டே குடிக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மூலைக்கு ஒரு 'ஷ்பேட்டி' இருக்கிறது. ராத்திரி வெகுநேரம் திறந்திருக்கும் பெட்டிக்கடை. அங்கே வாங்கிக்கொண்டு கால்வாய்மேல் இருக்கும் அட்மிரல் பாலத்துக்குப் போனால், கோடை மாலையில் பாதிப் பேட்டை தரையில் உட்கார்ந்திருக்கும். இதற்கும் விதி உண்டு. கிளாஸை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் மரியாதைக் குறைவு. இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது. காலி பாட்டிலைக் குப்பையில் போடக் கூடாது. பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், தகர டப்பாவுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு வரும். சோம்பேறிகள் குப்பைத் தொட்டிக்கு வெளியே நிறுத்திவைப்பார்கள், பொறுக்கி விற்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கொடையில்கூட ஒழுங்கு.

அத்தைக்கு இனி வாசிக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் கால்வாயின் அக்கரையில், மய்பாகூஃபரில், துருக்கிச் சந்தை கூடும். கொத்தமல்லிக்கட்டு, கத்தரிக்காய், ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், துணிமணி எல்லாம் உண்டு. கடை கட்டுகிற நேரத்தில் போனால் விலை இறங்கும். அத்தை பேரம் பேசக் கூசவே வேண்டாம். 1891-இல் கட்டிய பழைய சந்தைக்கூடம் ஒன்றும் இருக்கிறது, மார்க்ட்ஹாலே நொய்ன் என்று பெயர். வியாழன் மாலை ஐந்து மணிக்குமேல் போனால் பல தேசத்துத் தெருச் சாப்பாடு ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். விலைதான் கொஞ்சம் கனம்.

இந்திய ஓட்டல்களைப் பற்றிக் கேட்டீர்கள். நிறைய இருக்கின்றன. பட்டியலில் எண் போட்டிருப்பார்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரே குழம்புதான் வேறு வேறு நிறத்தில், மேலே பாலேடு ஊற்றி வரும். "நல்ல காரமாக" என்றால் சமையல்காரர் ஜன்னல் வழியாக நம்மை எட்டிப்பார்த்துப் பரிதாபப்படுவார். அதற்கு மறுபடியும் பருப்பு சூப்பே தேவலை. மனசுக்குச் சங்கடமாக இருந்தால் மேரிங்டாமில் யூ7 ரயில் ஏறுங்கள். மாறாமல் போய் பிளாஷ்கோஅலேயில் இறங்கினால், இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில். கறிவுர்ஸ்ட் கடையையும் முருகனையும் ஒரே தடத்தில் இணைத்த ரயில்வேக்காரர்கள் பாவத்துக்குப் பரிகாரமும் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

காசு விஷயம். கார்டு வாங்காத சின்னக் கடைகள் இன்னும் இருக்கின்றன. சில்லறையும் பத்து, இருபது யூரோ நோட்டுகளும் கையில் இருக்கட்டும். ஓட்டலில் டிப்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வராதீர்கள். பில் 18 யூரோ என்றால், பணத்தை நீட்டும்போதே "இருபது" என்று வாயால் சொல்ல வேண்டும். மீதியை அவரே வைத்துக்கொள்வார்.

அத்தை நெய் டப்பா கட்டித் தருவார்கள், தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள்கள் எடுத்துவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. பருப்புப் பொடிக்குத் தடை இல்லை. அரைக் கிலோ போதும்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இங்கே மளிகைக்கடை, காய்கறிக்கடை எல்லாம் அடைப்பு. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. அதனால் எந்த விமானமாக இருந்தாலும், சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்