உடுப்பு மந்திரி

புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, அனலைதீவு என்று எந்தத் தீவுக் குடும்பத்தை எடுத்தாலும் பாதி இங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கும். மற்றப் பாதி பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கும். அந்தத் தூரத்துப் பாதி கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இலாகாக்கள் தாமாகவே பிரிந்துவிடும். வேன் பிடிக்க ஒருவர். கோயிலில் அருச்சனைக்குச் சொல்ல ஒருவர். விடிய எழும்பி நண்டு வாங்க ஒருவர். உடுப்புக்கு ஒருவர். முதல் மூவரும் வேலை முடிந்ததும் சாதாரண மனிதர்களாகிவிடுவார்கள். நான்காமவர் பதவியை விட்டு இறங்குவதே இல்லை.

உடுப்பு மந்திரி பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். குடும்பத்தில் பாதிப் பேருக்கு மச்சாள், மீதிப் பேருக்கு மாமி என்று முறை வருகிற இடமாகப் பார்த்து வாழ்க்கைப்பட்டிருப்பார். ஆண்களிலும் இந்த வகை உண்டு. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் ஒரே ரீசேட்டை அச்சடித்து, முதுகில் ஊர்ப்பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். அதை நிர்வாகம் என்று சொல்லலாம், கலை என்று சொல்ல முடியாது.

பாரிசில் குடியிருக்கும் எங்கள் மந்திரி கலை பயின்ற இடம் அந்நகருக்குக் கிழக்கே இருக்கிறது. 1992 ஏப்ரலில் திறந்த டிஸ்னிலாந்து. பாரிசின் லாச்சப்பல் கடைகளில் முருங்கைக்காய் வாங்குகிற எங்கள் சனத்துக்கு அது தூர தேசம் இல்லை, ஆர்.ஈ.ஆர். ரயிலில் ஏ தடத்தின் கடைசித் தரிப்பில் இறங்கினால் வாசல். ஊரிலிருந்து அம்மாவோ மாமியோ விசா எடுத்துப் போனால் ஈபிள் கோபுரம், லூர்து மாதா, டிஸ்னிலாந்து என்பதுதான் சுற்றிக்காட்டும் ஒழுங்கு. சைவக்காரரும் லூர்துக்குப் போவார்கள். அதில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். எங்கள் மந்திரி அந்த டிஸ்னிலாந்து வரிசையில் பிள்ளைகளோடு நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தார்: முன்னால் நின்ற வெள்ளைக்காரிகள் சும்மா உடுத்திக்கொண்டு வரவில்லை.

பூங்காவுக்குப் போகிறவர்கள் முழு வேஷம் கட்டுவதைப் பூங்காக்காரர் விரும்புவதில்லை. அமெரிக்கப் பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வழக்கமாக வேஷ உடுப்புக்கே தடை. சம்பளத்துக்கு நிற்கிற மிக்கி யார், டிக்கெட் எடுத்து வந்த மிக்கி யார் என்று குழந்தைகள் குழம்பிவிடக் கூடாதல்லவா? சட்டம் இருந்தால் சந்தும் இருக்கும். சிவப்புக் களுசான், கறுப்பு மேற்சட்டை, மஞ்சள் சப்பாத்து. பார்த்தால் அன்றாட உடுப்பு, விஷயம் தெரிந்தவனுக்கு மிக்கி. கனடாக்காரப் பெண் ஒருவர் 2011 அளவில் தொடக்கிவைத்த இந்த விளையாட்டு இன்று எல்லா டிஸ்னிப் பூங்காக்களிலும் நடக்கிறது. சாயல் போதும், வேஷம் வேண்டாம்; நாள் முழுக்க நடக்கவும் வேண்டும், படத்தில் விழவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

மந்திரி இதை மனப்பாடமாக்கிக்கொண்டார். சொல்லத்தான் வேண்டும், வசதி பற்றி அவர் வைத்திருக்கும் சட்டங்களில் பிழை பிடிக்க இடமில்லை. "புதுச் சப்பாத்தைப் பயணத்தண்டைக்குப் போடப்படாது. ரெண்டு கிழமைக்கு முன்னமே வீட்டுக்குள்ள போட்டு நடந்து பழக்கோணும்." "பொக்கற் இல்லாத சட்டையை நான் சட்டையெண்டு சொல்லமாட்டன்." "உள்ளுக்குப் பருத்தி, மேல மெல்லிசா ஒண்டு. குளிர்ந்தாப் போடு, வேர்த்தாக் கழற்று." இத்தனையும் பாரிஸ் வானிலைக்குத் தங்கமான வார்த்தைகள். சிக்கல் அவர் கட்டுநாயக்காவில் வந்து இறங்கும்போது தொடங்குகிறது.

அடுத்த கிழமை நயினாதீவும் நெடுந்தீவும் போவதென்று வீட்டில் பேச்சு. வேன்காரருக்குச் சொல்வதற்கு முன்னமே வாட்ஸ்அப்பில் ஒரு குழு பிறக்கிறது. பெயர், 'தீவுப் பயணம்: உடுப்பு மட்டும்.' பயணம் எத்தனை மணிக்கு என்று அதில் கேட்ட மாமா கண்டிக்கப்பட்டார். பிறகு ஓர் எக்செல் அட்டவணை வருகிறது: பெயர், பாத்திரம், நிறம், துணி, செருப்பு, கடைசியில் 'மாற்று உடுப்பு' என்று ஒரு நிரல். கச்சேரியில் வேலை பார்த்து இளைப்பாறிய பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, தன் சேவைக்காலத்தில் இப்படி ஒழுங்கான ஆவணம் கண்ணில் படவில்லை என்றார்.

மிக்கியை இங்கே கொண்டுவரும் அளவுக்கு மந்திரி ரசனை இல்லாதவர் அல்ல. "எங்கட தீவுகளில ஆக்கள் இல்லையே?" என்று அவர் கேட்டபோது யாராலும் மறுக்க முடியவில்லை. நயினாதீவைத்தான் மணிமேகலையின் மணிபல்லவம் என்று பலர் சொல்கிறார்கள். அங்கே மணிமேகலை இருக்கிறாள், கோமுகிப் பொய்கையின் கரையில் அவளுக்கு அமுதசுரபியின் வரலாறு சொன்ன தீவதிலகை இருக்கிறாள். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூவைக் கவ்விக்கொண்டு நீந்திவந்த நாகம் இருக்கிறது, அதை மறித்த கருடன் இருக்கிறது, நடுவில் புகுந்து சமரசம் பேசிய வணிகன் இருக்கிறான். கருடன் கல், பாம்பு சுற்றிய கல் என்று இரண்டும் கடலில் இன்றைக்கும் காட்டப்படுகின்றன. பௌத்தர் வரலாற்றுக்குப் போனால் மணியாசனத்துக்காகச் சண்டை பிடித்த மகோதரனும் சூளோதரனும் கிடைப்பார்கள். நெடுந்தீவுக்கு வெடியரசன் ஒருவனே போதும். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனோடு அவன் பொருத கதை எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது. வால்ட் டிஸ்னிக்குக்கூட இவ்வளவு பேர் ஒரே இடத்தில் கிடைத்திருக்க மாட்டார்கள்.

பாத்திரங்களுக்குத் தட்டுப்பாடில்லை, நடிகர்கள்தான் தொல்லை. கருடனையும் நாகத்தையும் மந்திரி இரண்டு சகலன்மாருக்கு ஒதுக்கினார். அவர்களுக்குள் ஒரு வேலிப் பிரச்சினை பல ஆண்டாக ஓடுவது பாரிஸ்வரை எட்டியிருக்கவில்லை. இருவரும் கருடனாகச் சம்மதம். நாகமாக ஒருவரும் இல்லை. "பூவோட வந்த பாம்பு, அத்தான். பக்தியுள்ள பாம்பு" என்று மந்திரி கெஞ்சிப் பார்த்தார். "பாம்பு பாம்புதான்" என்று தீர்ப்பு வந்தது. கடைசியில் இருவரையும் வணிகர்களாக்கி, ஒரே பழுப்பு நிறத்தில் சேட்டு எடுத்துக் கொடுத்தார். சமரசம் செய்ய ஒருவன் போதுமென்று கதை சொல்கிறது. எங்கள் ஊரில் இருவர் இருந்தும் வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அம்மம்மாவிடம் போனார். "எனக்கென்ன பிள்ளை வேஷம்?" "வேஷம் இல்லை அம்மம்மா, சாயல். நீங்கள் தீவதிலகை." "அவ என்ன நிறத்தில உடுத்தவ?" சீத்தலைச் சாத்தனாரைக் கேட்காமலே மந்திரி சொன்னார்: "வெளிர் நீலம்." அம்மம்மா அலுமாரியைத் திறந்து, துவைத்துத் துவைத்து நீலம் வெளிறிப்போன நூற்சேலை ஒன்றை எடுத்து நீட்டினார். பருத்தி, பழகியது, காற்றுப் புகுவது, உலர நேரம் எடுக்காதது. மந்திரியின் வசதிச் சட்டங்கள் அத்தனைக்கும் பொருந்திய உடுப்பு அந்த அட்டவணையிலேயே அது ஒன்றுதான். மந்திரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "படத்தில எடுபடாது" என்றார்.

பேத்தி டிஸ்னியின் பனிமகள் எல்சாவாகத்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள். "எல்சாவுக்கு நெடுந்தீவில என்ன வேலை? வெய்யிலுக்கு உருகிப்போடுவா" என்று மந்திரி சொன்னதும் பிள்ளை அழத் தொடங்கியது. பனிமகளுக்கு நெடுந்தீவுக் குதிரை ஒன்று பரிசாகக் கிடைக்கும் என்று ஒப்பந்தம் எழுதியபிறகுதான் அடங்கியது. நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் அந்தக் குதிரைகள் ஐரோப்பியர் காலத்தின் மிச்சம். யாருக்கும் பிடிகொடுப்பதில்லை.

சித்தப்பாதான் பெரிய சோதனை. அவர் இளமையில் கூத்தில் ராசா கட்டியவர். வெடியரசன் என்ற பெயர் காதில் விழுந்ததும் பரணில் ஏறி முடியை இறக்கினார். கரப்புடுப்பும் தோளணியும் போட்டுக்கொண்டு விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய தலைமுறை அது. இரும்புக் கம்பியும் மரமும் இடுப்பில் உரச உரச ஆடியவர்களுக்கு வசதியான உடுப்பு என்று வகுப்பெடுப்பது எவ்வளவு வீண் வேலை! "சித்தப்பா, ஒரு மெரூன் சேட்டும் வேட்டியும் காணும்." "வெடியரசன் சேட்டோட சண்டைக்குப் போனவனே?" மந்திரியிடம் பதில் இருக்கவில்லை. முடியைச் சூட்கேசில் கொண்டுவரலாம், படம் எடுக்கும்போது மட்டும் வைக்கலாம் என்று முடிவாயிற்று.

பிறகு நவீன சந்தைத் தையல்காரர், பிறகு பொத்தான், பிறகு மாற்றுப் பொத்தான். பயண நாள் விடிகிறது. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவு தாண்டி வேன் குறிகட்டுவானுக்கு வருகிறது. மணிமேகலை, தீவதிலகை, இரு வணிகர், ஒரு ராசா, ஒரு பனிமகள் என்று ஓர் இலக்கிய வரலாறே இறங்குகிறது. இறங்கியதும் படகில் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுக்கிறார்கள். செம்மஞ்சள் நிறம். கழுத்திலிருந்து இடுப்புவரை மறைக்கும். மந்திரி அதைப் போட்டுக்கொண்டு, எக்செல் அட்டவணையில் இல்லாத ஒரு நிறத்தில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒரே நிறத்தில் குடும்பம் முழுவதும் வந்த படம் அன்றைக்கு அது ஒன்றுதான். அதை அவர் எடுக்கவில்லை.

சோளகம் வீசுகிற மாதத்தில் அந்தக் கடலில் படகேறுகிறவனுக்கு முதலில் போவது தலைவாரல். அடுத்தது முந்தானை. நயினாதீவு வந்து சேரும்போது மணிமேகலையின் துறவுக் காவி உப்புநீர் பட்டுத் திட்டுத்திட்டாய் நின்றது. மந்திரி கைப்பையிலிருந்து சட்டை ஊசிகளை எடுத்து நிலைமையைச் சமாளித்தார். நாகபூசணி அம்மன் வாசலுக்கு வந்தால் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில் வழக்கம் அது, பிறந்ததிலிருந்து மந்திரிக்கும் தெரிந்ததுதான். அட்டவணை போட்டபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நிறம் பார்த்து எடுத்த சேட்டுகள் எல்லாம் மடித்து அக்குளில் போயின. வணிகர் இருவரும் வெறும் மேலோடு நின்றார்கள். அந்த நிலையில் எவன் கருடன், எவன் நாகம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் போட்டுப் பழக்கிய சப்பாத்துகள் வாசலிலேயே நின்றுவிட்டன. பதினொரு மணி வெய்யிலில் வெளிவீதிக் கல்லில் வெறுங்காலோடு எப்படி ஓடுவது என்பதைப் பற்றி டிஸ்னிச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அம்மம்மா மட்டும் நிதானமாக நடந்தார்.

மத்தியானம் அன்னதானம். அந்த மண்டபத்துக்கே அமுதசுரபி என்றுதான் பெயர். சோற்றுக்கு முன்னால் மணிமேகலை, வணிகன் என்ற பாகுபாடு தொலைந்தது. காவிச் சேலையில் சாம்பார் ஊற்றியபிறகு மந்திரியும் விட்டுக்கொடுத்துச் சாப்பிட்டார்.

நெடுந்தீவுக்கு இன்னொரு நாள். கடலில் ஒரு மணி நேரம். நான்கு பேருக்குத் தலைசுற்று. 'மாற்று உடுப்பு' நிரலின் அருமை அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது. இந்த விஷயத்தில் மந்திரியைக் கும்பிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய பையில் துவாய், மேற்சட்டை, ஒரு தேசிக்காய். இறங்கியபிறகு வாகனத்தின் பின்பெட்டியில் நின்றபடி சுற்றினோம்: பெருக்கு மரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, கண்ணுக்கெட்டியவரை முருகைக்கல் மதில்கள். வெடியரசன் கோட்டை என்று காட்டுகிற கற்குவியலுக்குப் பக்கத்தில் சித்தப்பா முடியைத் தலையில் வைத்து, ஒரு காலைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சேட்டு இல்லை. சாறம்தான் கட்டியிருந்தார், மெரூன் சேட்டும் வேட்டியும் படகிலேயே நனைந்துவிட்டன. மந்திரி கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார், பார்த்தார், திரும்பவும் பார்த்தார். அட்டவணையில் ஒன்றுக்கும் பொருந்தாத அந்தப் படம்தான் இப்போது குழுவின் முகப்பில் இருக்கிறது.

இவ்வளவு நடந்தும் மந்திரி தோற்றுவிட்டார் என்று நினைப்பவர்களுக்கு அந்த வகையைத் தெரியாது. திரும்பி வரும் படகிலேயே அடுத்த வருடத்துக்குப் பேச்சுத் தொடங்கிவிட்டது. முதலில் எல்லோருக்கும் நூல் துணி, கோயிலுக்குள் அழகாகத் தெரிகிற மாதிரி ஆண்களுக்குச் சால்வை, உயிர்காப்பு அங்கிக்குப் பொருந்துகிற மாதிரி செம்மஞ்சள் கரை. செம்மஞ்சளைத் தவிர்க்க முடியாவிட்டால் அதையே நிறமாக்கிவிடுவது என்கிறார். மூளை இல்லாதவர் என்று சொல்ல முடியுமா?

ஆகவே வாசகரே, இந்த ஆடியில் உங்கள் கைபேசிக்கும் ஓர் அட்டவணை வந்தால் எதிர்த்து வாதாடாதீர்கள். நிறத்துக்குத் தலையாட்டுங்கள், பாத்திரத்துக்கும் தலையாட்டுங்கள். சப்பாத்து விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள்; நெடுந்தீவுக் கல்லில் புதுச் செருப்போடு நடக்க முடியாது. ஆண்கள் சேட்டுக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். எப்படியும் கோயில் வாசலில் கழற்றத்தான் போகிறீர்கள்.