தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தால் தொழிற்சங்கம் என்ன செய்துவிட முடியும்?
- வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: எல்லா வேலைகளையும் காப்பாற்ற முடியாது. ஆனால் ஹெச்.ஆர். அறையில் தனியாக உட்கார்ந்தால், உங்கள் பக்கம் இருப்பது அவர்கள் நீட்டும் பேனா மட்டும்தான்! அதை வாங்கி ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால், ஆட்குறைப்பு இழப்பீடு போச்சு. பழைய 1947 தொழில் தகராறு சட்டமும் சரி, அதன் இடத்தில் வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் சரி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம் என்கின்றன. கடைசியாகச் சேர்ந்தவரே பொதுவாக முதலில் வெளியேற வேண்டும். நிர்வாகத்துக்குப் பிடிக்காதவர் பெயர் ஆட்குறைப்புப் பட்டியலில் மேலே ஏறினால், சீனியாரிட்டி பட்டியலைக் கேட்டு மல்லுக்கு நிற்பது சங்கம்தான். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. நோட்டீஸ் வரும் முன்பே சேர்ந்துவிடுங்கள்.